கேன்ஸில் ஸ்பான்சர் எதை வாங்குகிறார்?

ஒவ்வொரு மே மாதமும் நம் பத்திரிகைகளில் ஐஸ்வர்யா ராய் தரையில் புரளும் உடையோடு சிவப்புக் கம்பளத்தில் நிற்கும் படம் வந்துவிடும். கீழே ‘கேன்ஸ் திரைப்பட விழாவில்’ என்று ஒரு வரி. அந்த ஆண்டு அவர் நடித்த படம் எதுவும் அங்கே போட்டியில் இருக்காது, பெரும்பாலும் வெளியாகிக்கூட இருக்காது. பிறகு என்ன வேலையாக அந்தப் படியேறுகிறார்? லோரியல் பாரிஸ் என்ற அழகுசாதன நிறுவனத்தின் தூதுவராக. 2002-இல் ‘தேவதாஸ்’ படத்துக்காக ஷாருக் கானோடும் சஞ்சய் லீலா பன்சாலியோடும் முதல்முறை போனார். அடுத்த ஆண்டு நடுவர் குழுவிலேயே உட்கார்ந்தார். லோரியல் ஒப்பந்தமும் 2003-இல் வந்தது. அதற்குப் பிறகு அவரை அங்கே கூட்டிப்போவது பெரும்பாலும் அந்த ஒப்பந்தம்தான். சோனம் கபூர், அதிதி ராவ் ஹைதரி, 2025-இல் ஆலியா பட் என்று பின்னால் வந்தவர்களும் அதே வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள்.

இதை யாரும் மறைத்துச் செய்வதில்லை. ஆனாலும் பணம் கொடுக்கும் நிறுவனம் அங்கே எதை வாங்குகிறது, எதை வாங்க முடியாது, அந்தப் பன்னிரண்டு நாளும் அதன் ஆட்கள் திரைக்குப் பின்னால் என்ன பாடுபடுகிறார்கள் என்பது படத்தில் தெரியாது.

முதலில் பணம். விழாவின் ஆண்டுச் செலவு சுமார் 2 கோடி யூரோ. ஏறத்தாழ பாதியைப் பிரெஞ்சு அரசின் திரைப்பட மையமும், கேன்ஸ் நகராட்சியும், அந்த வட்டார நிர்வாகங்களும் கொடுக்கின்றன. மீதிக்குத்தான் ‘அதிகாரபூர்வக் கூட்டாளி’ என்ற பட்டத்தோடு வரும் நிறுவனங்களும் மற்றவர்களும். பொதுப் பணம் இவ்வளவு இருப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1938-இல் முசோலினியின் இத்தாலியில் வெனிஸ் விழாவின் பரிசுகள் அரசியல் நெருக்கடியில் முடிவானதைப் பார்த்துக் கொதித்துப்போய், பிரான்ஸ் தனக்கென்று தொடங்கிய விழா இது. 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்குவதாக இருந்தது. அன்றுதான் ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தார். முதல் விழா நடந்தது 1946-இல். அரசு ஆரம்பித்த காரியம் என்பதால், கம்பெனிகள் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளிகள், வீட்டுக்காரர் வேறு. இந்த அந்தஸ்து வித்தியாசம் இன்றும் அங்கே நடப்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட் வாங்கிக் கொடுப்பவர் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு அதன்மேல் ‘உபயம்’ எழுதிவிடுவார் அல்லவா? கேன்ஸில் அந்த உபயதாரர் டியூப்லைட்டைக் கொடுக்கலாம், எழுதத்தான் இடம் கிடைக்காது. விழா அரங்கின் அந்தப் புகழ்பெற்ற 24 படிகளில் எந்த நிறுவனத்தின் சின்னமும் கிடையாது. மேலே முகப்பில் அந்த ஆண்டின் சுவரொட்டி பெரிதாகத் தொங்கும். நம் பாடல் வெளியீட்டு விழாக்களில் மேடைக்குப் பின்னால் சிமென்ட், ஜவுளிக்கடை, ரியல் எஸ்டேட் என்று வரிசை கட்டி நிற்குமே, அந்தத் தட்டி அந்தப் படிக்கட்டில் இல்லை. விழா கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கும் வேலை இது. படிக்கட்டில் பெயர் எழுத விட்டால் அந்தப் படிக்கட்டின் மதிப்பே போய்விடும், அப்புறம் அதற்குப் பணம் கொடுக்க யார் வருவார்கள்?

பெயர் போட முடியாதென்றால் வேறு எங்கே தெரிவது? புகைப்படத்துக்குள் நுழைகிற பொருளாக. கார் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 முதல் பல பத்தாண்டுகள் ரெனோ இந்த விழாவுக்குக் கார் கொடுத்தது. 2022 முதல் பிஎம்டபிள்யூ. போட்டியில் இருக்கும் படத்தின் இயக்குநரும் நடிகர்களும் அந்த நிறுவனத்தின் காரில்தான் கம்பளத்தின் முனைக்கு வந்து இறங்குவார்கள். கதவு திறக்கிறது, ஒரு கால் வெளியே வருகிறது, நூற்றுக்கணக்கான கேமராக்கள் அடிக்கின்றன. அந்தச் சட்டகத்தில் கார் இருக்கும். கம்பெனி காசு கொடுப்பது அந்த ஒரு நொடிக்கு. இதில் வேடிக்கை, மஜெஸ்டிக் ஓட்டல் அரங்குக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கே தங்கியிருப்பவர் சாலையைக் கடந்தால் போதும், வந்துவிடலாம். ஆனாலும் காரில்தான் வர வேண்டும், வரிசையில்தான் நகர வேண்டும்.

இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே நிறுவனம் என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர்நாடி. கார் ஒருவர், ஒப்பனை ஒருவர், நகை ஒருவர். போட்டிக் கம்பெனி அதே தலைப்பில் உள்ளே வர முடியாது. அப்படி வர முடியாதவர்கள் சும்மா இருப்பதில்லை. குருவாசெட் கடற்கரைச் சாலையில் ஒரு தனியார் கடற்கரையையோ மலைமேல் ஒரு பங்களாவையோ படகையோ வாடகைக்கு எடுத்து விருந்து வைத்துவிடுவார்கள். விழாவுக்கு ஒரு யூரோ கொடுக்காமலே அவர்கள் படமும் ‘கேன்ஸில்’ என்ற தலைப்போடு வந்துவிடும். எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் அம்ஃபார் விருந்தைக்கூடப் பலர் விழாவின் பகுதி என்றே நினைக்கிறார்கள். 1993-இல் எலிசபெத் டெய்லர் முன்னின்று தொடங்கிவைத்த அந்த விருந்து தனி அமைப்புடையது. நடக்கும் இடமும் பக்கத்து ஊரான ஆன்டிபில் இருக்கும் ஓட்டல்.

இனி திரைக்குப் பின்னால் போவோம். லோரியல் 1997-இலிருந்து இந்த விழாவோடு இருக்கிறது. அதன் முகாம் குருவாசெட் சாலையில் உள்ள மார்த்தினேஸ் ஓட்டல். மாலை ஏழு மணிக் காட்சி என்றால் தூதுவர்களின் முகத்திலும் முடியிலும் வேலை மதியமே ஆரம்பித்துவிடும். ஒப்பனைக்காரர், முடி அலங்காரம் செய்பவர், உடையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டைலிஸ்ட், தையலுக்கு ஓர் ஆள், படம் எடுக்க ஓர் ஆள், அந்தப் படத்தை உடனே உலகத்துக்கு அனுப்ப இன்னோர் ஆள், நேரத்தைக் கத்திக்கொண்டே இருக்க ஒருவர். இந்தக் கடைசி ஆள்தான் முக்கியமானவர். கம்பளத்தில் யார் எப்போது ஏறுவது என்பது விழாவின் கையில். அழைப்பிதழ் வைத்திருக்கும் சாதாரணப் பார்வையாளர்கள் முதலில், பிறகு தூதுவர்களும் பிரபலங்களும், கடைசியாக அன்றைய படத்தின் குழு. படக்குழு வந்துவிட்டால் கம்பளம் அவர்களுடையது. அதற்குள் ஏறாத தூதுவருக்கு அன்று புகைப்படம் கிடையாது. பல மாதத் திட்டம், பல நாடுகளிலிருந்து வந்த ஆட்கள், எல்லாம் அந்தச் சில நிமிடத்துக்காக.

உடை பெரும்பாலும் வடிவமைப்பாளரிடமிருந்து இரவல், நகை நகைக்கடையிலிருந்து இரவல். விலையுயர்ந்த நகையோடு காவலாளும் வருவார், கையெழுத்துப் போட வேண்டிய காகிதமும் வரும், வேலை முடிந்ததும் நகை திரும்பிப் போகும். இதெல்லாம் அதிகப்படியான ஜாக்கிரதை என்று தோன்றினால் 2013-ஐ நினைத்துக்கொள்ளலாம். விழா நடந்துகொண்டிருந்தபோதே நோவோடெல் ஓட்டலில் ஷோபார்ட் நிறுவன ஊழியர் ஒருவரின் அறையிலிருந்து பெட்டகத்தையே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்த நகைகளின் மதிப்பு சுமார் பத்து லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது. சில நாள் கழித்து ஆன்டிபில் நடந்த விருந்தில் இன்னொரு நகை நிறுவனத்தின் கழுத்தணி காணாமல் போனது. விழா முடிந்து ஜூலையில் கார்ல்ட்டன் ஓட்டல் கண்காட்சியில் ஒரே ஆள் பட்டப்பகலில் நுழைந்து பத்துக் கோடி யூரோவைத் தாண்டும் நகைகளை அள்ளிக்கொண்டு போனான். ஹிட்ச்காக் ‘டு கேட்ச் எ தீஃப்’ படத்தை எடுத்த அதே ஓட்டல்.

ஷோபார்ட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு ஸ்பான்சர் விழாவுக்குள் எவ்வளவு ஆழமாகப் போக முடியும் என்பதற்கு அதுதான் உதாரணம். விழாவின் உச்சப் பரிசான தங்கப் பனையையே 1998 முதல் அந்த நிறுவனம்தான் செய்து கொடுக்கிறது. அதன் கலை இயக்குநர் கரோலின் ஷோய்ஃபெலே புது வடிவம் கொடுத்தார். படிகக் கல்லின் மேல் 118 கிராம் தங்கம். நம் கணக்கில் பதினைந்து பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் 18 காரட்தான், நம் வீட்டுப் பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பரிசு வாங்குபவர் அதைத் தலைக்குமேல் தூக்கும் படம் உலகமெங்கும் போகிறது. அதிலும் கம்பெனியின் பெயர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ‘தங்கப் பனையைச் செய்பவர்கள்’ என்ற பேச்சு ஆண்டு முழுக்க அவர்களோடு கூடவே வரும். இதற்கு ஈடான விளம்பரத்தைக் காசு கொடுத்து அச்சடிக்க முடியாது.

தூதுவர்களை விட்டுவிட்டு, கம்பெனியின் மற்ற விருந்தாளிகளைப் பார்த்தால் கதை இன்னும் சாதாரணமாகிவிடும். நிறைய விற்றுக் கொடுத்த விநியோகஸ்தர், பெரிய வாடிக்கையாளர், பத்திரிகைக்காரர், இப்போது இன்ஸ்டாகிராமில் கூட்டம் வைத்திருக்கும் இளைஞர். சுமார் 2,300 இருக்கைகள் கொண்ட லூமியேர் அரங்கில் மாலைக் காட்சிக்கு இவர்களை உட்காரவைக்க வேண்டும். அழைத்துவந்த மார்க்கெட்டிங் ஊழியருக்கு அன்று சினிமா ஞாபகமே இருக்காது. ஆண்களிடம் கறுப்பு ‘போ டை’ இருக்கிறதா? பெண்களின் காலணி சரியா? வாசலில் நிற்பவர்களிடம் தயவுதாட்சண்யம் கிடையாது. 2015-இல் குதிகால் உயராத செருப்பு போட்ட பெண்களைத் திருப்பி அனுப்பியதாகப் பெரிய சண்டை வந்தது. இப்போது குதிகால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாகரிகமான காலணி போதும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். 2018-இல் கம்பளத்தில் செல்ஃபி எடுக்கத் தடை வந்தது. விழாத் தலைவர்களில் ஒருவரான தியரி ஃப்ரெமோவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. விற்பனை இலக்கைத் தாண்டியதற்குப் பரிசாக வந்த மனிதர் தன் கைபேசியில் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ள முடியாமல் படியேறுகிறார் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

2025-இல் விழா தொடங்கும் தறுவாயில் இன்னொரு விதி வந்தது: நிர்வாணம் கூடாது, தரையில் நீளமாக இழுபடும் உடையும், இடத்தை அடைக்கும் பிரம்மாண்ட உடையும் கூடாது. மாதக்கணக்கில் தைத்த உடைகள் பெட்டியில் இருக்கும்போது இந்த அறிவிப்பு. நடுவர் குழுவில் இருந்த ஹாலி பெரி, நம் இந்திய வடிவமைப்பாளர் கௌரவ் குப்தா செய்த உடையைத் தொடக்க நாளில் போட முடியாமல் போனதைப் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே சொன்னார். நடுவருக்கே அந்த நிலை. காசு கொடுக்கும் கம்பெனியைக் கேட்டு விதி போடுவதில்லை என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். அதே விதியைத் தாண்டிப் பெரிய உடையோடு கம்பளம் ஏறியவர்களும் அந்த ஆண்டே இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, அரங்குக்குள்ளே? காசு எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி பகிரங்கமாக வெடித்தது 2022-இல். அந்த ஆண்டு டிக்டாக் விழாவின் அதிகாரபூர்வக் கூட்டாளியாக வந்தது. இந்தியாவில் அந்தச் செயலி தடைசெய்யப்பட்டு இரண்டு ஆண்டு ஆகியிருந்ததால் நம் ஊரில் இந்தக் கதை அதிகம் பேசப்படவில்லை. 30 விநாடியிலிருந்து 3 நிமிடம் வரையிலான குறும்படங்களுக்கு டிக்டாக் ஒரு போட்டி வைத்தது. நடுவர் குழுவின் தலைவர் ரித்தி பான். கம்போடியாக்காரர். கெமர் ரூஜ் ஆட்சியில் குடும்பத்தை இழந்தவர். அந்த நினைவுகளைக் களிமண் பொம்மைகளால் சொன்ன ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ படத்துக்காக 2013-இல் கேன்ஸிலேயே பரிசு வாங்கியவர். பரிசளிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் பதவி விலகினார். எந்தப் படத்துக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்பதில் நிறுவனத்தின் ஆட்கள் தலையிடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. செய்தி வெளியே போனது. நடுவர்களின் முடிவே முடிவு என்று நிறுவனத்திடமிருந்து உறுதி கிடைத்த பிறகு திரும்பி வந்தார். பரிசும் அவர் குழு சொன்னபடியே கொடுக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அது விழாவின் பிரதானப் போட்டி அல்ல, ஸ்பான்சர் தன் பணத்தில் தானே நடத்திய போட்டி. எங்கள் போட்டி, எங்கள் பரிசு, எங்களுக்குப் பிடித்தவருக்குக் கொடுத்தால் என்ன என்று மார்க்கெட்டிங் பிரிவில் யாராவது நினைத்திருந்தால் அது புரியாத நினைப்பல்ல. ஆனால் அவர்கள் கேன்ஸ் என்ற பெயரையும் ரித்தி பான் என்ற பெயரையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டார்கள்? அந்தப் பெயர்களின் மதிப்பு, அவை யார் சொல்லியும் முடிவை மாற்றாது என்ற நம்பிக்கையில் இருக்கிறது. முடிவைத் தன் பக்கம் இழுத்தால், வாங்கிய பொருள் கைக்கு வரும்போதே உடைந்து வருகிறது. இருபது முப்பது ஆண்டாக அங்கே இருக்கும் பழைய ஸ்பான்சர்களுக்கு இது தெரியும். ஆகவே அவர்கள் போட்டியைத் தொடாமல் அதன் ஓரத்தில் தங்களுக்கென்று தனி மேடை போட்டுக்கொள்கிறார்கள். கூச்சி, சான் லோரான் போன்ற ஆடம்பரப் பெயர்களை வைத்திருக்கும் கெரிங் குழுமம் 2015 முதல் ‘விமன் இன் மோஷன்’ என்ற பெயரில் சினிமாப் பெண்களுக்கு விருதும் உரையாடலும் நடத்துகிறது. விருந்தின் படங்களைப் பார்த்தால் விளம்பரம் என்று தோன்றும், விளம்பரம்தான். கூடவே ஓர் இளம் பெண் இயக்குநருக்கு அடுத்த படத்துக்காக 50,000 யூரோவும் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு முன்னால் என் கிண்டல் அடங்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால், அங்கே வருகிற ஸ்பான்சர்களில் மரியாதைக்குரிய வகை வேறொன்று. ஆஞ்செனியு என்ற பிரெஞ்சு நிறுவனம் கேமரா லென்ஸ் செய்கிறது. கடைக்குப் போய் நாம் யாரும் வாங்கப் போகும் பொருள் கிடையாது. 2013 முதல் ஆண்டுதோறும் கேன்ஸில் ஓர் ஒளிப்பதிவாளருக்கு விருது கொடுக்கிறது. 2024-இல் அதை வாங்கியவர் சந்தோஷ் சிவன். ‘தளபதி’, ‘ரோஜா’, ‘இருவர்’ படங்களின் வெளிச்சத்தை நமக்குக் கொடுத்தவர். அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர். லென்ஸ் விற்கிறவர், அந்த லென்ஸை வைத்து வேலை செய்கிறவரைக் கௌரவிக்கிறார். உடைக்கும் நகைக்கும் அங்கே வேலை இல்லை. அதனாலோ என்னவோ நம் பத்திரிகைகளில் அந்தச் செய்திக்குக் கம்பளப் படங்களில் பாதி இடம்கூடக் கிடைக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும்: ‘கேன்ஸில் திரையிடப்பட்டது’. விழாவோடு சேர்ந்து அதே கட்டடத்தில் 1959 முதல் ஒரு படச் சந்தை நடக்கிறது. பல்லாயிரம் தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் வாங்கவும் விற்கவும் வருகிறார்கள். அங்கே வாடகை கட்டினால் உங்கள் படத்தைத் திரையிடலாம், சுவரொட்டி வெளியிடலாம், மண்டபம் போடலாம். எந்தத் தேர்வுக் குழுவும் உங்கள் படத்தைப் பார்க்காது. தவறான காரியமும் இல்லை, சந்தை என்றால் அதற்குத்தான். 2022-இல் இந்தியா அந்தச் சந்தையின் சிறப்பு விருந்தாளி நாடாக இருந்தபோது மாதவனின் ‘ராக்கெட்ரி’ அங்கே காட்டப்பட்டது. அதிகாரபூர்வத் தேர்வு என்பது முற்றிலும் வேறு கதவு. பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ 2024-இல் பிரதானப் போட்டிக்குள் போனபோது, 1994-இல் ஷாஜி கருணின் ‘ஸ்வாஹம்’ போனதற்குப் பிறகு முப்பது ஆண்டு கழித்துப் போன இந்தியப் படம் அது. இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீயோடு திரும்பியது.

ஆகவே மே மாதத்தில் கேன்ஸ் புகைப்படம் ஒன்று கண்ணில் பட்டால், அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். படத்தின் பெயரும் பிரிவின் பெயரும் இருந்தால் அது தேர்வு. அரங்கின் பெயரும் திரையிட்ட தேதியும் மட்டும் இருந்தால் அநேகமாகச் சந்தை. உடை இன்னார், நகை இன்னார், ஒப்பனை இன்னார் என்று மட்டும் இருந்தால் ஸ்பான்சர். சில சமயம் மூன்றிலும் சேராததும் உண்டு. 2017-இல் சுந்தர் சி. இயக்க, ஏ. ஆர். ரஹ்மான் இசையமைக்க இருந்த ‘சங்கமித்ரா’வை அங்கே வைத்துத்தான் பெரிதாக அறிமுகம் செய்தார்கள். நடிகர்கள் சிவப்புக் கம்பளத்தில் நடந்த படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. படத்தைத்தான் இன்னும் எடுக்கவில்லை.